அறுபத்திரண்டு கிலோ அவரை விதை

மாரிக்கண்ணன் இறந்து மூன்றாம் மாதம், அவர் வைத்துவிட்டுப் போன அவரை விதை டப்பா பதினோரு கிலோ எடை காட்டியது. உள்ளே இருந்தது முக்கால் கிலோ விதைதான். எடை பார்த்தவள் அவர் மனைவி முத்துமணி. சங்கரன்கோவில் ரேஷன் கடையில் பன்னிரண்டு வருஷமாக அரிசி நிறுத்துக் கொடுக்கிறவள் என்பதால், தராசு பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மாரிக்கண்ணன் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போட்டவர். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் அவரை, புடலை, கத்தரி வைத்திருந்தார். முற்றிய காயை உலர்த்தி, சாம்பலில் புரட்டி எடுத்து வைப்பார். சிலிண்டரை இறக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் கட்டிய ஒரு விதைப் பொட்டலத்தையும் அந்த வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டு வருவார். ராயகிரியில் ஒரு வீட்டுப் படியில் நெஞ்சு வலித்து உட்கார்ந்தவர் எழவில்லை. அன்றைக்குச் சட்டைப்பையில் இருந்த பொட்டலத்தையும் முத்துமணி டப்பாவிலேயே கொட்டி மூடினாள். பிறகு யாருக்கும் திறக்கவில்லை.

டப்பா கனத்துக்கொண்டே போனது. முதலில் அலமாரிப் பலகை ஒடிந்தது. அடுத்து வந்த கார்த்திகையில் அடுப்படித் தரையில் ஒரு சிமெண்ட் கல் விரல்கடை ஆழம் இறங்கியது. கடையில் மூட்டை இறக்கும் இரண்டு பேர் வந்து டப்பாவைத் தூக்கிப்போய் ரேஷன் கடை எடைமேடையில் வைத்தார்கள். அறுபத்திரண்டு கிலோ. ரத்ததானம் செய்தபோது மாரிக்கண்ணனின் அட்டையில் எழுதிய எடை அதுதான். அதற்கு மேல் ஏறவில்லை. முத்துமணி டப்பாவைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள் ராயகிரியிலிருந்து பெனிட்டா வந்தாள். மாரிக்கண்ணன் கடைசியாக உட்கார்ந்தது அவள் வீட்டுப் படியில்தான். அவருக்குத் தண்ணீர் கொடுத்தவளும் அவள்தான்.

"யக்கா, காட்டுப்பன்னி கொடியத் தோண்டிப் போட்டுட்டு. ஒரு விதைகூடத் தேறல. அவரை கொஞ்சம் தாங்க."

"அவரை யாருக்கும் குடுக்கதா இல்ல."

எந்த அவரைச் சொல்கிறாள் என்று பெனிட்டா கேட்கவில்லை.

"ரெண்டு வருசமாச்சே யக்கா. விதைக்கும் உசுரு இருக்குல்லா. இப்படியே அடைச்சு வச்சா அதுவும் போயிரும். பத்து விதைய நனைச்சுப் பாருங்க."

பெனிட்டா போனதும் முத்துமணி பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். நாலாம் நாள் அவிழ்த்தபோது மூன்று முளைத்திருந்தன. மற்ற ஏழும் கொழகொழத்து நாறின. அந்த ஏழையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்று கடைக்குப் போகவில்லை. ஆள் போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை.

பிறகு பெனிட்டாவுக்கு போன் போட்டாள். "வந்து வாங்கிக்கிட்டுப் போ."

பெனிட்டாவுக்கு முப்பது விதை எண்ணிப் பொட்டலம் கட்டினாள். பொட்டலம் நாலு கிலோ இருந்தது. பெனிட்டா அதைக் கைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ராயகிரியில் இறங்கும்போது இரண்டு காலும் மரத்திருந்தன. இங்கே டப்பா ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. கனம் குறைந்ததற்காக முத்துமணி ஒரு பாட்டம் அழுதாள். இத்தனை நாள் கொடுக்கப் பயந்ததும் அதற்குத்தான். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடம், "அவரை விதை இருக்கு, தூக்க முடிஞ்சவுக வந்து வாங்கிக்கிடுங்க" என்றாள்.

பனவடலிசத்திரத்திலிருந்து வந்தார்கள், சிவகிரியிலிருந்தும் வந்தார்கள். அவர் சிலிண்டர் போட்ட வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வந்துவிட்டார்கள். பத்தில் மூன்றுதான் முளைக்கும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தாள். யாரும் வேண்டாம் என்று போகவில்லை. தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். மிஞ்சிய ஒரு பிடியை முத்துமணி பின்கட்டில் ஊன்றினாள். தை பிறந்தபோது நாற்பது வீட்டுப் பந்தலில் அவரை காய்த்தது. காய் சாதாரண எடைதான்.

விதை மட்டும் இன்றைக்கும் கனக்கிறது. ஆடி மாதம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அவரை விதை வாங்கப் போகிறவர்கள் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொள்கிறார்கள். கொடுக்கிறவர்கள், "ரெண்டு கையாலயும் பிடிங்க" என்கிறார்கள். வாங்குகிறவர்கள் ஏன் என்று கேட்காமல் இரண்டு கையையும் நீட்டுகிறார்கள்.