வேங்கை வீட்டுக்குப் போகும் நேரம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் மறுபடியும் ஆவி படிந்துவிட்டது. முகம் தெரிகிற அளவுக்கு முந்தானையால் துடைத்துவிட்டாள் பொன்மணி. உள்ளே செந்தில்குமார் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தான். இந்த நேரத்துக்கு தி. நகர் ஜவுளிக்கடையில் சேலைகளை உதறி விரித்துக்கொண்டிருக்க வேண்டியவன். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், நேற்று ராத்திரி வண்டியில் திரும்பி வந்துவிட்டான்.

"கடசியா இன்னா சொன்னான் என் புள்ள?" என்றாள் மாமியார் சுப்பம்மா. காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "நீதான கூட இருந்த? ஒரு வார்த்த சொல்லாமயா போயிருப்பான்?"

"ஒன்னும் சொல்லல அத்த."

சொல்லியிருந்தான். அதைத்தான் வெளியே சொல்ல முடியவில்லை.

செந்தில்குமாருக்குப் பைத்தியம் ஒன்றே ஒன்று. மாதாமாதம் வருகிற 'எஃகு வேங்கை' படக்கதைப் புத்தகம். முகமூடி போட்டுக்கொண்டு மாடிக்கு மாடி தாவுகிற ஒருத்தனின் கதை. தலை நரைக்கத் தொடங்கியும் அதை விடவில்லை. ரங்கநாதன் தெருவில் போன் கவர் விற்கிற ஃபராஸ், ஆட்டோ ஓட்டுகிற அறிவு, இவன் மூவரும் கடை மூடியதும் மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்று, அந்த மாதக் கதை நன்றாக இருக்கிறதா குப்பையா என்று தொண்டை கிழியச் சண்டை போடுவார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டமும் உண்டு. மூவரும் படித்து முடிக்கும்வரை யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. பொன்மணிக்கு அந்த மூன்று பேரையும் துடைப்பத்தால் அடிக்கலாம் போலிருக்கும். சோற்றை மூடி வைத்துவிட்டு இவள் உட்கார்ந்திருப்பாள், அங்கே வேங்கைக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

கடைசிப் புத்தகம் அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கூரியரில் வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, நீ படி என்றான். நேற்று சாயங்காலம் பொன்மணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கண் ட்ரிப்ஸ் பாட்டில்மேல் இருந்ததால் கதை பாதிதான் மண்டையில் ஏறியது. கடைசியில் ஒரு கட்டடம் இடிந்து வேங்கையின் பெண்டாட்டி செத்துப்போகிறாள். அவன் அழுதுவிட்டு, பழையபடி மாடிக்கு மாடி தாவப் போய்விடுகிறான்.

"குப்ப," என்றான் செந்தில்குமார். "அந்தப் பொண்ண எதுக்கு சாவடிச்சானுங்க? ஃபராஸு சொன்னதுதான் சரி. புதுசா எழுதறவனுக்கு கதையே வர்ல." பிறகு உதட்டோரம் லேசாகச் சிரித்தான். "அவனாண்ட சொல்லிடாத."

புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி, கண்ணைக் கஷ்டப்பட்டு இடுக்கிக்கொண்டு, கட்டைவிரலால் கடைசியிலிருந்து பின்னோக்கித் தள்ளித் தள்ளி எதையோ தேடினான். அப்படியே நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்கினான். அவள் அதை எடுத்து, விரித்திருந்த பக்கத்தின் முனையை மடித்துப் பையில் போட்டாள். முனையை மடித்தால் வீட்டில் கொலையே விழும். நேற்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தூக்கத்திலிருந்து அவன் எழவேயில்லை.

பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. கடைசி வார்த்தை ஃபராஸுக்குப் போனது. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

சாந்தோம் ஹவுசிங் போர்டில் அவர்கள் வீடு தரைத்தளம். ஜன்னலுக்கு வெளியே ஷாமியானா. ஃபராஸும் அறிவும் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எப்படித்தான் ஆரம்பித்ததோ, கொஞ்ச நேரத்தில் அறிவின் குரல் உயர்ந்தது.

"நீயே சொல்லு. வேங்கைக்குக் கல்யாணம் ஆனதுக்கு அப்புறம் ஒரு புக்காச்சும் உருப்படியா கீதா? மின்னெல்லாம் ஒரே தாவுல எட்டு மாடி ஏறுவான். இப்ப ஆறு மணி ஆனா வூட்டுக்குப் போறான். இவன் இன்னா சூப்பர் ஹீரோவா, கவர்மென்ட் ஆபீசரா?"

"அதத்தான நானும் மூணு வருசமா கத்திகினு கீறேன்," என்றான் ஃபராஸ், ஜன்னல் வழியே பெட்டியைக் காட்டி. "இவன் வுட்டானா? புச்சிக்கின மொயலுக்கு மூணு காலு."

"சாவு வூட்டுல இன்னாடா பேச்சு?" என்று யாரோ அதட்டினார்கள். ஃபராஸ் காதிலேயே வாங்கவில்லை. செந்தில்குமார் மாதிரியே கையை ஆட்டிப் பேசினான்.

"'டேய், யாரும் இல்லாதவன் எவன் வேணா தாவலாம்டா. வூட்ல ஒருத்தி சோத்த மூடி வச்சிட்டு குந்திகினு கீறா. வுயுந்தா அவ இன்னா ஆவான்னு பயந்துகினே தாவுறான் பாரு, அவன்தான்டா ஹீரோ. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது'ன்னுவான். நம்ம வாயையே அடச்சிருவான்."

அடுத்துப் பேச வேண்டியவன் கண்ணாடிக்குள் இருந்தான்.

பொன்மணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சண்டை தன்னைப் பற்றியது என்று இத்தனை நாள் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. செந்தில்குமார்தான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால், கொழம்புல உப்பு கம்மி என்பான். அதோடு சரி.

ஃபராஸ் உள்ளே வந்தான். கையில், பிரிக்காத போன் கவர் மாதிரி அவ்வளவு சுத்தமாக, அவனுடைய அந்த மாதப் புத்தகம். பெட்டியருகே மண்டி போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"மச்சி, நீ இன்னும் படிக்கலல்ல. ரூல்ஸ மீர்றேன், கோச்சுக்காத. நீ சொன்னதுதான்டா கரெக்டு. முடிவு செம்மயா கீது. அவ சாவல. வூட்லதான் கீறா. நம்மாளு கரெக்டா ஆறு மணிக்கு வந்துடுறான். நான்தான்டா தப்பா பேசிகினு இருந்தேன்."

வாசலில் நின்ற அறிவு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் படித்திருந்தான்.

ஆஸ்பத்திரிப் பை பெட்டியின் கால்மாட்டில் கிடந்தது. புத்தகத்தின் மஞ்சள் ஓரம் வெளியே தெரிந்தது. பொன்மணி அதைக் காலால் மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஃபராஸ் நிமிர்ந்தான். அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியிருந்தது. "அண்ணி, என்னைப் பத்தி எதனா சொன்னானா?"

சுப்பம்மாவும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மூன்று வருஷ வழக்கில் ஃபராஸ் ஜெயித்துவிடுவான். பாவம், கேட்டால் கொஞ்சம் சந்தோஷப்படுவான்.

"சொன்னாரு தம்பி," என்றாள். "ஃபராஸு ஒரு நாளைக்கு ஒத்துக்குவான் பாருன்னாரு."

ஃபராஸ் சிரித்துவிட்டான். இழவு வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது உடைந்தது. தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். சுப்பம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். ஃபராஸின் புத்தகம் மாலைகளுக்கு அடியில் செந்தில்குமாரின் நெஞ்சின்மேல் போனது. பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். தண்ணீர் கட்டிலுக்கு அடியில் ஓடுவதைப் பார்த்து, பொன்மணி ஓடிப்போய்ப் பையை இழுத்தாள். அடிப்பக்கம் நனைந்திருந்தது. புத்தகத்தை எடுத்து முந்தானையில் ஒற்றினாள்.

"எல்லாத்தையும் தொடச்சாச்சு, நீ குளிச்சிட்டு வாம்மா," என்றாள் ஒருத்தி.

"தோ வரேன்."

மடித்த முனையில் புத்தகம் தானாகத் திறந்துகொண்டது. அது கடைசிப் பக்கம் இல்லை. நடுவில் எங்கேயோ, நேற்று அவன் தேடி விரித்த பக்கம். நேற்று படிக்கும்போது அவள் கவனிக்காமல் தாண்டிய பக்கம்.

அதில் சண்டை இல்லை. ஒரு சின்ன வீடு, தரையில் தட்டு. முகமூடியைக்கூடக் கழற்றாமல் எஃகு வேங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் அவன் பெண்டாட்டி, சோற்றை மூடி வைத்திருந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.