பஸ் வாந்தி

எழுந்தேன். வெந்நீர் போட்டுக் குளித்தேன். முந்தின நாள் இட்லியைச் சூடாக்கித் தின்றேன். நாய்க்கும் வைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு நாயுடுபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

என் மனைவி தமயந்தியின் காரியம் முடிந்த மறுநாள் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. "மேடத்துக்கு எண்ணெய் எடுக்கிற தேதி தாண்டிருச்சு சார். எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

நான் வருகிறேன் என்றேன்.

அவளுக்கு இடது கண்ணில் விழித்திரை விலகியிருந்தது. ஆபரேஷன் செய்து, விழித்திரை ஒட்டி நிற்பதற்காக உள்ளே சிலிக்கான் எண்ணெய் வைத்தார்கள். சிலருக்கு வாயு வைப்பார்களாம். மலை ஏறினால் வாயு விரிந்து கண்ணை அமுக்கும், அதனால் கொடைக்கானல்காரர்களுக்கு எண்ணெய்தான் என்றார் டாக்டர்.

"இனிமே கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுத்தான் உங்களப் பாக்கணும்" என்றாள் தமயந்தி. அன்று சிரித்தோம்.

அந்த எண்ணெயாலும் கண்ணில் அழுத்தம் ஏறலாம். ஏறினால் தலைவலி வரும், வாந்தி வரும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபின் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

செக்கப்புக்குப் போன அன்று விடியும்போதே தலை வெடிக்கிறது என்றாள். பஸ் மலை இறங்கும்போது டம்டம் பாறைக்குக் கீழே வாந்தி எடுத்தாள். கண்டக்டர் பாலித்தீன் பையை நீட்டினார். பின்சீட்டு அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்து, "மோந்து பாரு தாயி, மலை எறங்குனா சரியாப்போயிரும்" என்றாள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கண் டாக்டர்கள் இல்லை.

தலைவலி, வாந்தி என்றோம். டாக்டர் நிமிரவே இல்லை. "கொடைக்கானல் பஸ்ஸா? அந்த வளைவுக்கு நானே வாந்தி எடுப்பேன்மா."

நர்சுகள் சிரித்தார்கள். "இல்ல டாக்டர், கண்ணுதான்..." என்று இவள் ஆரம்பித்தாள். அதற்குள் வாந்தி மாத்திரை எழுதிவிட்டார். அழுத்தம் பார்க்கிற கருவி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அடுத்த வாரம் திரும்பப் போனபோது வேறொரு டாக்டர் அதில் பார்த்தார். கண் நரம்பு செத்துவிட்டது, இனிப் பார்வை வராது என்றார்.

பிறகு ஒருநாள் எங்கள் தெருவிலேயே காட்டுமாடு அவளை முட்டியது. எங்கள் ஊரில் அவை வீட்டு மாடு மாதிரித் திரியும். பார்த்து ஒதுங்கிப் போவோம். அன்று அது அவளுக்கு இடப்பக்கம் நின்றது. காட்டுமாடு முட்டிப் பெண் பலி என்று பேப்பரில் போட்டார்கள். எண்ணெயைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதுரையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். "பேஷன்ட் எங்க?" என்றார், வாந்தி மாத்திரை எழுதிய அதே டாக்டர்.

"செத்துட்டா."

பேனாவை வைத்தார். "எப்படி?"

"காட்டுமாடு முட்டி."

அவர் முகத்தில் நிம்மதி வந்தது. நான் பார்த்தேன்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். ஆனா அதுக்கு நாங்க என்ன..."

"அது நின்னது நீங்க குருடாக்கி விட்ட பக்கம்."

"மெதுவாப் பேசுங்க. எண்ணெய் வச்சா சில பேருக்கு அழுத்தம் ஏறும். தெரிஞ்ச காம்ப்ளிகேஷன்தான்."

"யாருக்குத் தெரிஞ்சது? எங்களுக்கா? தெரிஞ்ச நீங்க ஏன் அன்னைக்கு அழுத்தம் பாக்கல?"

"பஸ்ல வாந்தின்னு நீங்கதான சொன்னீங்க?"

"வாந்தின்னோம். பஸ்ஸுன்னது நீங்க. சொல்லிட்டு சிரிச்சீங்க."

செக்யூரிட்டி வந்து என் தோளைப் பிடித்தான். கையைத் தட்டிவிட்டேன்.

"இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணு சொல்லணும். அவ உங்ககிட்டச் சொல்லச் சொன்னது."

சாகும்போது முருகா என்று கூப்பிட்டாள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பொய். முட்டியபின் அவள் பேசவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னதுதான் கடைசி. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அடுத்த தடவ போறப்ப அந்தாளுகிட்டச் சொல்லுங்க. நான் பண்ணைக்காட்டுக்காரி, இந்த மலையிலயே பொறந்தவ. பஸ்ஸுல ஒருநாளும் வாந்தி எடுத்ததில்ல."