கால் நனைக்காமல்

போன தை மாதப் பந்தயத்துக்காக நான் ஓடிய ஓட்டத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறேன். நாமக்கல்லில் எங்கள் ஓட்டக் குழுவில் முப்பது பேர் இருக்கிறோம். அதில் சிலருக்கு நான் இன்னமும் பெரிய வீரன். நாற்பத்து நான்கு வயதில், தொப்பையோடு ஆரம்பித்து, மூன்றே மாதத்தில் கல்லும் மண்ணுமான பாதையில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடத் தயாரானவன். அந்த மூன்று மாதத்தில் நான் வேறு என்ன செய்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் பெயர் குருமூர்த்தி. கோழிப் பண்ணைகளுக்கு மருந்து விற்கும் கம்பெனியில் பதினாறு வருடமாக விற்பனைப் பிரதிநிதி. கால்நடை மருத்துவம் படித்தவன் இல்லை. இருந்தாலும் பண்ணைக்காரர்கள் டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்தப் பண்ணைக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு பிரசங்கம் வைப்பேன். நோய் மனிதனின் காலில் ஒட்டிக்கொண்டுதான் உள்ளே வரும், அதனால் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும், கலெக்டரே வந்தாலும் அதில் கால் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பேன். கலெக்டர் என்று சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சேந்தமங்கலத்தில் தொடங்கி, காடுமேடெல்லாம் சுற்றி, மலை அடிவாரம் தொட்டுத் திரும்ப வேண்டும். கார்த்திகையிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். விடியற்காலைப் பனியில் ஏரிக்கரை ஏறி, சோளம் அறுத்த காட்டில் இறங்கி, வரப்பு வரப்பாக ஓடுவேன். ஊர் சும்மா இருக்குமா? பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, நாய் தொரத்துதுங்களா?" என்று கேட்டார். உடம்புக்காக ஓடுகிறேன் என்றேன். "அதுக்கு எங்க காட்டுல வந்து களை எடுக்கலாமுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரிக்கரையிலிருந்து வண்டிப்பாதைக்கு வர, முள்ளும் சேறுமாக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நடுவில் அங்கமுத்துவின் கோழிப் பண்ணை. அவர் பன்னிரண்டு வருடமாக என்னிடம் மருந்து வாங்குகிறவர், எட்டு மணிக்கு மேல்தான் பண்ணைக்கு வருவார். பின்பக்கம் ஒரு மூங்கில் படல். கம்பி வளையத்தைத் தூக்கினால் திறந்துகொள்ளும். கோழிகள் அடைத்த இரண்டு செட்டுகளுக்கு நடுவே ஓடி முன்வாசலில் வெளியே போய்விட்டால் வேகம் குறையாது. படலுக்கு உள்ளேயும் ஒரு மருந்துத் தொட்டி இருந்தது. என் பிரசங்கத்தைக் கேட்டு அவர் கட்டியது. ஊதா நிறத் தண்ணீர். நான் அதைத் தாண்டிக் குதித்துவிடுவேன். ஷூ நனைந்தால் காலில் கொப்புளம் வரும், புது ஷூவில் கறை பிடிக்கும். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

தீனி போட்டு முட்டை பொறுக்குகிற உண்ணாமலை மட்டும் அந்த நேரத்தில் அங்கே இருப்பாள். முதல் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், மருந்துத் தண்ணியில கால நனச்சுட்டுப் போங்க சார். மொதலாளி சொல்லியிருக்கறாருங்க."

"அந்த மருந்த வித்ததே நாந்தாம்மா" என்று ஓடிக்கொண்டே சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் ஒதுங்கி நின்று வழி விட்டாள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம் வேறொரு பண்ணையில் கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்திருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை, மருந்து கொடுத்ததே நான்தான். செத்த கோழிகளைக் கரையோரம் குழியில் போட்டு மூடியிருந்தார்கள். நாய்கள் கிளறி இழுத்துப் போட்டிருந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு அவற்றின் மேலேயே ஓடினேன். அங்கமுத்துவின் இரண்டாம் செட்டுக்குப் பக்கத்தில் கால் லேசாக வழுக்கியது. நின்று பார்த்தால் ஷூவின் அடியில் ஈரமாக ஒரு வெள்ளை இறகு. செட்டின் தூணில் காலைத் தட்டி உதறிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் நாற்பது நொடி. அதுவரை நான் ஓடியதிலேயே அதுதான் வேகம். சந்தோஷமாக இருந்தது.

எட்டாம் நாள் அங்கமுத்து போன் செய்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ரெண்டாம் செட்டுல கோழியெல்லாம் தலையத் தொங்கப் போடுது."

தடுப்பூசி போட்ட கோழிகள்தான். ஆனாலும் நான் போவதற்குள் முந்நூறு செத்திருந்தது. ஒரு வாரத்தில் செட்டில் பாதி போய்விட்டது. போன் வந்த அன்றைக்கு முன்வாசல் தொட்டியில் நன்றாகவே கால் நனைத்தேன். பின்பக்கம் நடக்கும்போது தரையில் என் ஷூ அச்சைத் தேடினேன். படலிலிருந்து செட் வரைக்கும் மண் சுத்தமாகக் கூட்டியிருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"எப்பிடிங்க வந்திருக்கும்? நீங்க சொன்னதெல்லாம் செஞ்சமே" என்று அங்கமுத்து என் முகத்தைப் பார்த்தார். அப்போது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"வேலைக்காரங்க யாராச்சும் ஊட்டுல நாட்டுக்கோழி வளக்கறாங்களான்னு பாத்தீங்களா?"

எங்கள் பக்கம் பண்ணை வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுவார்கள், வீட்டில் ஒரு கோழிகூட வளர்க்கக் கூடாது என்று. வீட்டுக் கோழியின் சீக்கு ஆள் வழியாகப் பண்ணைக்கு வந்துவிடும். விசாரித்ததில் உண்ணாமலை வீட்டில் ஒரு சிவப்புக் கோழி இருந்தது தெரிந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் கனிஷ்காவுக்கு மாமன் வாங்கிக் கொடுத்த குஞ்சு, வளர்ந்து முட்டை வைக்கிற அளவுக்கு ஆகியிருந்தது. உண்ணாமலையே காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

நான்தான் அதை அறுத்துப் பார்த்தேன். இரைப்பையில் ஒரு ரத்தப் புள்ளி இல்லை. குடல் சுத்தம். நோய்நொடி இல்லாமல் தின்று வளர்ந்த கோழி. அங்கமுத்து வந்து, "என்னங்க?" என்றார்.

"சந்தேகமாத்தான் இருக்குதுங்க" என்றேன். ஒரு பொய்யை முழுதாகச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார். அவள் தகராறு செய்யவில்லை. "கோழி வளத்தது தப்புத்தானுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் ஓடப் போனேன், வேறு வழியில். நோய் வேறு எப்படியும் வந்திருக்கலாம் என்று தினமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த இறகு ஞாபகத்துக்கு வந்ததும் எல்லாம் பொய்யாகிவிடும்.

பந்தய நாள் வந்தது. பதினோராவது கிலோமீட்டரில் பாதை ஒரு மரவள்ளிக் காட்டின் வரப்பில் போனது. கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர், ஓடுகிற எங்களைப் பார்த்துச் சிரித்துக் கை தட்டினார்கள். அதில் உண்ணாமலையும் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடத்தான் பார்த்தேன்.

"சார், தண்ணி வேணுங்களா?"

நின்றேன். சொம்பை வாங்கிக் குடித்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "என் மேல கோவமா உண்ணாமலை?" என்றேன். எவ்வளவு கேவலமான கேள்வி என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"கோவம் எதுக்குங்க? கோழி வளத்தனில்லீங்களா." குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு நீங்க வாரீங்கன்னு மொதலாளி சொன்னாருங்க. படல்லருந்து செட்டு வரைக்கும் உங்க ஷூ அச்சு கட்டம் கட்டமாக் கெடந்துச்சு. அவரு கண்டா உங்களத்தான பேசுவாரு. நீங்க கோவிச்சுட்டுப் போயிட்டா அத்தன கோழிக்கும் யாரு மருந்து குடுப்பாங்க? அதான் சட்டுனு கூட்டி உட்டுட்டனுங்க."

பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் என் முதுகில் தட்டி, "வாங்க தலைவரே" என்றார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பந்தயப் பாதையை விட்டு இறங்கி, அங்கமுத்துவின் பண்ணைக்கு நடந்தேன். நான்கு கிலோமீட்டர். ஓடத் தோன்றவே இல்லை.

முன்வாசல் தொட்டியில் இரண்டு காலையும் வைத்து நின்றேன். ஷூவுக்குள் தண்ணீர் இறங்கியது. அங்கமுத்து என் நெஞ்சில் குத்தியிருந்த பந்தய நம்பரைப் பார்த்துச் சிரித்து, "பந்தயம் முடிஞ்சுதுங்களா? உள்ள வாங்க" என்றார். நான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உண்ணாமலை மண்ணைக் கூட்டியதை மட்டும் சொல்லவில்லை.

அவர் பாதி காலியாகிவிட்ட செட்டைத் திரும்பிப் பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதான அந்தப் புள்ளைய அனுப்புனேன்" என்றார். "இனி மருந்து நான் வேற பக்கம் பாத்துக்கறேன். நீங்க போயி அவளக் கூட்டியாங்க. அத்தன பேரு முன்னாடியும் நடந்ததச் சொல்லிக் கூட்டியாங்க."

திரும்பிப் போனேன். ஷூ இரண்டும் ஊதாவாகிச் சளக் சளக்கென்று சத்தம் போட்டது. மரவள்ளிக் காட்டில் எல்லோரும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். வரப்பில் நின்றபடியே சொன்னேன். ஒரு பெரியவர், "அட கெரகமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்ணாமலை கையிலிருந்த சோற்றைக் கிண்ணத்திலேயே வைத்தாள்.

"நாளைக்கு வாரனுங்க" என்றாள். பிறகு, சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணைக் காட்டினாள். "எனக்குச் சொன்னது போதுமுங்க. அவகிட்டப் போயிச் சொல்லுங்க. அவ கோழியாலதான் பண்ணையில அத்தன கோழியும் செத்துச்சுன்னு நெனச்சுட்டு மூணு வாரமா ராவெல்லாம் அழுவறா."

கனிஷ்காவின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உன் கோழிக்குச் சீக்கு இல்லை, சீக்கைக் கொண்டுவந்தது என் கால்தான் என்றேன். அவள் என் ஊதா ஷூவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"சீக்கு இல்லைன்னு அறுத்தப்பவே தெரியுமா?"

"தெரியும் சாமி."

"அப்பவே ஏன் சொல்லல?"

இருபத்தொரு கிலோமீட்டர் ஓடத் தயாரானவன் நான். அந்தக் குழந்தைக்கு முன்னால் எனக்கு மூச்சு வாங்கியது. "பயந்துட்டேன் சாமி" என்றேன்.