அத்தான் நெஞ்சில் ஊதாக் கோடு

1
இந்தக் கதையைத் திருடித்தான் எழுதுகிறேன். அக்கா என்னை ஓரமாக இழுத்து, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொன்ன விஷயம் இது. எழுதுகிறவளிடம் போய் ரகசியம் சொன்னது அவள் தப்பு.

முதல் வரி: "ஒளிக்கும் இருளுக்கும் நடுவே ஒரு மனிதர்..." (அடித்துவிட்டேன். கவிதை பாடுகிற நேரமா இது?)

2
அத்தான் தையல்காரர். நுரையீரலில் புற்றுநோய். அறுவை சிகிச்சையை அவர் உடம்பு தாங்காது என்று கதிர் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். கதிர் கண்ணுக்குத் தெரியாது, படும்போது வலிக்கவும் செய்யாது. கட்டியைச் சுருக்கும், இடம் தப்பினால் பக்கத்திலிருக்கும் இதயத்தையும் விட்டுவைக்காது. அதனால் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

வியர்வையில் கோடு அழிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் போய்ச் சொல்லியிருப்பார்கள். நம் ஆள் கண்ணாடி முன் நின்று, இஞ்ச் டேப் வைத்துத் தானே வரைந்துகொண்டார். கோடு பிசிறில்லாமல் இருக்கிறதாம். இடம் சரியா என்பதுதான் தெரியவில்லை.

3
(இப்படி ஒருவரை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். நம்புங்கள். காலர் இறுக்குகிறது என்று வந்த வாடிக்கையாளரிடம், கழுத்து பருத்துவிட்டது என்று சொல்லி அனுப்பியவர் இவர்.)

ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம் என்று அக்கா கெஞ்சியிருக்கிறாள்.

"சொன்னா மறுபடி ஸ்கேன்பாங்க, மறுபடி நாள் குறிப்பாங்க. அதுவரைக்கும் உள்ள இருக்கறது சும்மா இருக்குமா?" என்று கேட்டு, அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அது பிடிவாதம் இல்லை, பயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

4
முடிவு ஒன்று: கதிர் கொடுக்கிற டெக்னீஷியன் பெண் முதலில் படம் எடுத்துப் பார்த்ததுமே கண்டுபிடித்து, அத்தானை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள்.

முடிவு இரண்டு: இன்று கூட்டம். அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. கதிர் நேராக அவருடைய—

இதை எழுதக் கை வரவில்லை.

5
உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இது நடந்து முடிந்த கதை இல்லை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில், மடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அத்தான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருக்கிறார். அக்கா இவ்வளவு நேரமும் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"என்கிட்டதான் சத்தியம் வாங்கினாரு. உன்கிட்ட வாங்கலையே," என்கிறாள் மெதுவாக.

அத்தானைக் கூப்பிடுகிறார்கள். எழுந்துவிட்டார்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் நான் உள்ளே போயாக வேண்டும்.