தோளுக்கு மேலால்

கமலாம்பிகை இரண்டாம் முறையும் ட்ரைவிங் ரெஸ்ற்றில் தவறினாள். பரீட்சகர் கொடுத்த தாளில் போன முறை எழுதியிருந்த அதே குறைதான்: லேன் மாறும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவர் சச்சிதானந்தன், "உமக்குப் பயம். கொஞ்ச நாள் விட்டு எடுப்பம்," என்றார்.

"பயமில்லை. கழுத்துத் திரும்புதில்லை."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். "எவ்வளவு நாளா?"

"போன மாரியிலையிருந்து. சொன்னா ரெஸ்ற்றே வேண்டாம் எண்டுவியள்."

அது 1996. அவர்கள் குடியிருந்த மில்லிக்கனில் இருந்து, வேலை செய்த தையல் தொழிற்சாலைக்குப் போக அவள் இரண்டு பஸ் மாறவேண்டும். அங்கே எட்டு மணி நேரம் ஜக்கெற்றுக்குக் கை பொருத்துவாள். டொக்டர் முன்பு கொடுத்த குளிசையில் நித்திரை மட்டும்தான் வந்தது. இந்த முறை அவர் அவளை ஒரு பிஸியோதெரபிஸ்ற்றிடம் அனுப்பினார்.

அனுபமா சென்னைக்காரி. கழுத்தையும் கைகளையும் சோதித்துவிட்டு, ஒரு மேசையையும் நாற்காலியையும் காட்டினாள்.

"இதுதான் உங்க மெஷின்னு வெச்சுக்குங்க. தைங்க பார்க்கலாம்."

கமலாம்பிகை வெட்கத்தோடு தைத்துக் காட்டினாள். பிறகு சமைப்பதையும் காட்டினாள். இரண்டு கையும் சட்டியில் இருந்தன. இல்லாத ரெலிபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். அனுபமா சிரித்துவிட்டாள்.

"நாற்காலியைக் கிட்ட இழுத்துக்குங்க. துணியைத் தேடித் தலை போகக்கூடாது. நூல் மாத்தறப்பல்லாம் எழுந்து நில்லுங்க. தோளைத் தளர்த்தி, வலிக்காத அளவுக்கு மெதுவா ரெண்டு பக்கமும் திரும்பிப் பாருங்க. போனைக் கையில பிடிச்சுப் பேசுங்க."

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான். ஆனா தினமும் செய்யணும்."

"ஏதாவது மெஷினிலை சூடு பிடிப்பா எண்டு நினைச்சன்," என்று அன்று பின்னேரம் கணவரிடம் குறைப்பட்டாள். என்றாலும் செய்தாள்.

முதல் நாள் எழுந்து நின்றபோது சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "நெக்," என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பஸ் தரிப்பில் குளிருக்குத் தோள் தானாகவே காதுவரை ஏறியது, கண்டபோதெல்லாம் இறக்கினாள். லண்டனிலிருந்து தங்கை ரெலிபோன் எடுத்தபோது, "கறியை இறக்கிப்போட்டு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டாள். தங்கைக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம், பக்கத்து மெஷினில் தைக்கும் சீனப்பெண்ணும் நூல் மாற்றும்போது எழுந்து நிற்கத் தொடங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கமலாம்பிகை திரும்பி, "ஓம்," என்றாள். பிறகுதான் கவனித்தாள்: நாற்காலியோடு திரும்பவில்லை, தலை மட்டும் திரும்பியிருந்தது. மற்றப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மெல்லிய இழுவை, அவ்வளவுதான்.

அடுத்த ரெஸ்ற்றில் சித்தியடைந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு அவளே கார் ஓட்டினாள். பேவியூ றோட்டில் ஏற முன்னமே சச்சிதானந்தன் நித்திரையாகிவிட்டார். வீதி வெறுமையாகக் கிடந்தது. அவசியம் இல்லாமலே சிக்னலைப் போட்டு, நன்றாகத் திரும்பிப் பார்த்து, ஒருமுறை லேன் மாறினாள்.