எட்டு வரிக்கு இடம்

இலக்கிய ஆசிரியருக்குப் பள்ளியில் 'நயம் சார்' என்று பெயர். கேலியாக யாரோ வைத்தது. அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் பதினோரு நிமிடத்தில் மாணவர்கள் நயம் பாராட்டி முடிக்கும்படி ஒரு முறையை அவர் கண்டுபிடித்திருந்தார். மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, கற்பனை, சந்தம், முடிவுரை என்று எட்டு அறைகள் கொண்ட ஒரு கட்டம். பெயர் நயப்பெட்டி. ஒவ்வோர் அறைக்கும் மனப்பாடம் செய்ய இரண்டு வாக்கியங்கள். கவிதை கடலைப் பற்றியதா கழுதையைப் பற்றியதா என்பது அடுத்த விஷயம். 'கற்போர் நெஞ்சைக் கொள்ளை கொள்ளும்' என்பது இரண்டுக்கும் பொருந்தத்தான் செய்யும்.

நயப்பெட்டியையும் சேர்த்து, 'நன்கு படிக்க இருபத்தொரு பழக்கங்கள்' என்று ஒரு கையேடு போட்டிருந்தார். அட்டையில் கன்னத்தில் கைவைத்தபடி அவர் படம். உள்ளே தலைமையாசிரியையின் முன்னுரை. விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். படித்ததை எழுதிப் பார்க்க வேண்டும். குறை சொல்ல முடியாத புத்தகம். வெள்ளிக்கிழமை இரண்டாம் பதிப்பு வெளியாக இருந்தது.

அன்று புதன்கிழமை. மதிய உணவு இடைவேளையில், ஆசிரியர் அறையின் மூலை மேசையில், பத்தாம் வகுப்பின் மாதிரித் தேர்வு விடைத்தாள்கள் நாற்பத்திரண்டையும் திருத்தி முடித்து, மதிப்பெண்களைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குப் பட்டியல் தலைமையாசிரியையிடம் போக வேண்டும். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர்களின் பெயரைப் பள்ளி, பொதுத்தேர்வுக்கு அனுப்பாது. அவர்கள் வீட்டிலிருந்து தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். பள்ளி ஒன்பது ஆண்டுகளாக நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டி வந்த ரகசியம் அதுதான். தோற்கக்கூடியவர்கள் தேர்வு வரும்போது பள்ளியிலேயே இருப்பதில்லை.

இந்த முறை ஒரே ஒரு பெயர்தான் கீழே நின்றது. முப்பத்துமூன்று. வகுப்பில் 'கமா' என்று கூப்பிடுவார்களே, அந்தப் பெண். வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவாள். அவள் அம்மா ஒரு லாண்டரியில் துணி தேய்ப்பவர். போன மாதம் பள்ளிக்கு வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "பள்ளிக்கூடத்துல இருந்து எழுதினா எழுதுவா சார். வீட்டுல உக்காந்துட்டா அப்புறம் என் பக்கத்துல இன்னொரு இஸ்திரிப் பெட்டிதான்."

நயம் சார் கல்நெஞ்சக்காரர் அல்ல. எங்காவது இரண்டு மார்க் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அவள் விடைத்தாளை உருவினார். ஒன்பதாம் கேள்விக்கு, ஐந்துக்குப் பூஜ்யம். பக்கத்தில் அவருடைய சிவப்பு மையிலேயே, 'வினாவைக் கவனமாகப் படிக்கவும்.' எதற்காக அப்படி எழுதினோம் என்று நினைவில்லை. அவள் எழுதியிருந்ததை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார்.

'இங்கே பாடல் இல்லை. இடம் மட்டும் இருக்கிறது. எட்டு வரி இருக்கும் போலத் தெரிகிறது. பாடல் இல்லாமல் அது எப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும்.'

வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். 'கீழ்க்காணும் பாடலைப் படித்து நயம் பாராட்டுக' என்று இருந்தது. கீழே காண ஒன்றுமில்லை. வெள்ளைத்தாள், ஒரு சாண் அகலத்துக்குப் பளிச்சென்று இருந்தது.

எழுந்து அலுவலக அறைக்குப் போனார். வினாத்தாளைத் தட்டச்சு செய்த அம்மா சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒன்பதாவது கேள்விக்குப் பாட்டு எங்க?"

"நீங்க தரவே இல்லையே சார். கேட்டேன். 'எட்டு வரிக்கு இடம் விடும்மா, அப்புறம் தரேன்'னீங்க. மறுநாளும் கேட்டேன். கையேட்டுக்கு ப்ரூப் பாத்துட்டு இருந்தீங்க, கைய மட்டும் ஆட்டினீங்க." அவர் வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். "ஏன் சார், இடம் பத்தலையா?"

"போதும்மா. தாராளமா இருக்கு."

திரும்பி வந்து மற்ற விடைத்தாள்களைப் புரட்டினார். மூன்று பேர் அந்தக் கேள்வியை விட்டிருந்தார்கள். மீதி முப்பத்தெட்டுப் பேரும் இல்லாத பாடலுக்கு நயம் பாராட்டியிருந்தார்கள். ஒருவன் அதில் தாய்ப்பாசத்தைக் கண்டிருந்தான். ஒருத்தி கடலின் சீற்றத்தைக் கேட்டிருந்தாள். முதலடியும் இரண்டாமடியும் எதுகையால் இனித்தன. வகுப்பில் முதலாவதாக வரும் பையன், 'சொல்லாமல் சொல்லும் நயம் இப்பாடலில் மிகுந்துள்ளது' என்று எழுதியிருந்தான். அதன் அடியில் சிவப்புக் கோடு இழுத்து, 'அருமை!' என்று போட்டிருந்தார் நயம் சார். ஐந்துக்கு ஐந்து.

தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றதும் அவர்தான். அந்தப் பெண் எழுந்தது இப்போது ஞாபகம் வந்தது. "சார், இதுல பாட்டு..." என்று ஆரம்பித்தாள். "பாட்டாவது கூத்தாவது, உக்காந்து எழுது" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். கையேட்டில் ஏழாவது பழக்கம்: வினாத்தாளை இருமுறை முழுமையாகப் படி. அதைச் செய்தவள் வகுப்பில் அவள் ஒருத்திதான். செய்யாதவர்களில் அவரும் ஒருவர்.

மணி இரண்டே கால். மதிப்பெண்ணை மாற்றினால் திருத்தப் பதிவேட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேட்டைத் திறந்தார். அவள் பெயர், முப்பத்துமூன்று, முப்பத்தைந்து. காரணம் என்ற கட்டத்தில் 'கூட்ட' என்று எழுதினார். கூட்டலில் பிழை. பள்ளி முழுவதும் புழங்கும் காரணம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவள் தேர்வு எழுதுவாள், வெள்ளிக்கிழமை கையேட்டின் வெளியீட்டு விழா நடக்கும், யாருக்கும் நஷ்டமில்லை.

பேனா அதற்கு மேல் நகரவில்லை. 'மன்னிக்கவும்' என்ற அந்தச் சொல்தான் இடித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் கூட்டலில் பிழை என்று எழுதுவதா? 'கூட்ட' என்பதை அடித்துவிட்டு, பதிவேட்டையும் விடைத்தாள் கட்டையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பாட்டு இல்லன்னா இவங்க என்னத்த எழுதினாங்க? ஒண்ணு படிங்க பாப்போம்" என்றார்.

அவர் நின்றபடியே முதலாவதாக வரும் பையனின் விடையைப் படித்தார். சொந்த வாக்கியங்கள் வேறொருவன் கையெழுத்தில் வந்து நின்றன. ஒன்றரைப் பக்கம். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நல்லாத்தானே எழுதியிருக்கான்!" என்றார் தலைமையாசிரியை.

"நல்லாத்தான் இருக்கு மேடம். பாட்டுதான் இல்ல."

தலைமையாசிரியை பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்க் போட்டுடுங்க சார். கூட்டல் தப்புன்னு எழுதுங்க. எதுக்கு வீணா?"

"கூட்டல் சரியா இருக்கு மேடம். ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டேன்."

"இப்ப என்னதான் பண்ணணும்கிறீங்க?"

"கேள்வி செல்லாது. எல்லாருக்கும் அஞ்சு. அவளுக்கும் அஞ்சு. காரணம் நான் எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."

"காரணத்த மேலிடத்துல படிப்பாங்க சார். உங்க கையேட்டு முன்னுரையில என் பேரும் இருக்கு."

"இருக்கு மேடம்."

அவர் அசையாமல் நின்றதைப் பார்த்துத் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப வெள்ளிக்கிழமை வேண்டாம். ரெண்டாம் பதிப்பு நிக்கட்டும்." அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நயம் சாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். முந்நூறு பிரதிகள் கட்டுக்கட்டாக அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

பதிவேட்டில் எழுதினார்: 'ஒன்பதாம் வினாவுக்குரிய பாடலை வினாத்தாள் தயாரித்தவர் தரவில்லை. விடைத்தாள்களைத் திருத்தியபோதும் கவனிக்கவில்லை.' இருபத்தேழு வருடத்தில் அணி எதுவும் இல்லாமல் அவர் எழுதிய முதல் இரண்டு வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டார். பொதுத்தேர்வுப் பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக அவள் பெயரைத் தன் கையாலேயே ஏற்றினார்.

மாலையில், வகுப்புகள் விட்ட நேரத்தில், அவளை மாடிப்படி அருகே நிறுத்தினார்.

"உன் பேரு பட்டியல்ல இருக்கும்மா. முப்பத்தெட்டு. அம்மாகிட்ட சொல்லிடு."

அவள் முகம் மலர்ந்தது. "சரி சார்" என்றாள். ஆனால் போகவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"அந்தப் பாட்டு எது சார்? புத்தகத்துல எட்டு வரிப் பாட்டு ஏழு இருக்கு. ஏழையும் வீட்ல படிச்சுப் பாத்தேன். எதுன்னு தெரியல."

"எதுவும் இல்லம்மா. நான் எடுத்துக் குடுக்கவே இல்ல. அன்னிக்கு நீ எழுந்து கேட்டப்ப நான் பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

பேருந்து இன்றைக்கு வராது என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாளோ அப்படிக் கேட்டுக்கொண்டாள். பிறகு புத்தகத்தை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தாள். அந்த ஏழில் ஒரு பாடல்.

"அப்ப இதுல ஒரு சந்தேகம் மட்டும் சார். ரெண்டாவது வரில அந்தப் பொண்ணு கதவு சாத்திட்டேன்னு சொல்றா. ஆறாவது வரில அவன் தெருமுனை திரும்புறதப் பாத்தேன்னு சொல்றா. எப்படி சார் பாத்தா? ஜன்னல்னு எங்கயுமே இல்ல. நாலு தடவை தேடிட்டேன்."

இருபத்தேழு வருடமாக அவர் நடத்தி வரும் பாடல். எந்த அடியில் எதுகை, எந்த அடியில் இயைபு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தக் கதவை அவர் பார்த்ததில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். பிள்ளைகள் பைகளால் இடித்துக்கொண்டு இறங்கிப்போனார்கள். முதல் வரியிலிருந்து எட்டாவது வரி வரை படித்தார். மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "ஒருவேளை அவ பாக்கவே இல்லையோ என்னவோ."

அவள் யோசித்தாள். "பாக்கலன்னா, பாத்தேன்னு எதுக்கு சார் சொல்றா?"

அவர் இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்தார்.