உள்ளே வைத்துத் தைத்தது

நான்காவது முடிச்சை அறுத்துவிட்டேன். இன்னும் ஐந்து.

அறைக் கதவைத் தாழ் போட்டிருந்தேன். அண்ணன் மகளின் கட்டிலில் உட்கார்ந்து, அவளுடைய போர்வையையே மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடங்களுக்கு முன் அவள் பிறந்தபோது நான் தைத்துக் கொடுத்த ஒட்டுப்போர்வை. மேலே முப்பது துண்டுத் துணிகள். அடியில் மெல்லிய வெள்ளைத் துணி. நடுவில் திணிப்பு. மூன்றும் நகராமல் இருக்க, ஒன்பது இடங்களில் தடித்த சிவப்பு நூலால் முடிச்சு. தொட்டில் அளவுதான். இப்போது அவளுக்கு முழங்காலைக்கூட மூடாது. ஆனாலும் அது இல்லாமல் தூங்க மாட்டாள்.

கதவு படபடத்தது.

"உள்ள என்னம்மா பண்றே? பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்துட்டே!" அண்ணி.

"பாப்பா போர்வை ஓரம் பிஞ்சிருக்கு அண்ணி. ரெண்டு தையல் போட்டுட்டு வந்துடறேன்."

"ஞாயித்துக்கிழமைகூட உன் கைக்கு லீவு கிடையாதா?"

"விடு, விடு. அவ கத்தரியை எடுத்தாலே நம்ம வீட்டு ஜன்னல் திரையெல்லாம் நடுங்குது" என்றான் அண்ணன் கூடத்திலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் இங்கே கூடிச் சாப்பிடுவோம். என் துணிப் பைத்தியம்தான் எப்போதும் ஊறுகாய். இன்று அந்தச் சிரிப்பில் ஒரு குரல் மட்டும் இல்லை. என் தங்கையின் குரல்.

அவளுக்குப் பயந்துதான் கதவைச் சாத்தியிருந்தேன்.

பத்து நிமிடம் முன்பு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் சொன்னாள்: "அக்கா, எனக்கு மாற்றல் வந்துடுச்சு. வியாழக்கிழமை கிளம்பறேன். சாயங்காலம் உன்கூடவே உன் வீட்டுக்கு வர்றேன். அதை எடுத்துக் குடுத்துடு."

"எதை?" என்றான் அண்ணன்.

"அவளுக்குத் தெரியும்."

தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பத்தொன்பது நாள் இருந்தான். அவனுக்காக மஞ்சள் கட்டம் போட்ட துணியில் ஒரு சின்னப் போர்வை தைத்திருந்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் அவன் அதில்தான் கிடந்தான். இருபதாம் நாள், துவைக்காமல் மடித்து என் கையில் கொடுத்தாள்.

"பார்க்கவும் முடியலக்கா, தூக்கிப் போடவும் முடியல. நீ பத்திரமா வை. நான் கேக்கறப்ப குடு."

நான் ஒரு பல் மருத்துவமனை வாசலில் டோக்கன் கொடுப்பவள். மற்ற நேரமெல்லாம் துணிதான். வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் வெட்டும் மேஜை. சோபாவில் பாதி துணிக் குவியல். மீதிப் பாதியில் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் விருந்தாளி உட்கார வேண்டும்.

மறு வருடம் அண்ணனுக்கு மகள் பிறந்தாள். மறுநாள் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். மேல் துணி தயார், அடித் துணி தயார். பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. தைக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய போர்வையைப் புதிய போர்வைக்குள் திணிப்பாக வைத்துவிடுவோம். புழங்கிய துணி கட்டி தட்டாது, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். என் பீரோவில் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அளந்து பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

துவைத்தேன். உள்ளே வைத்தேன். தைத்தேன்.

அடுத்த வாரம் பஞ்சு வாங்கி மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

தங்கை முதல் முறை கேட்டது இரண்டு வருடம் முன்பு. "பரண் மேல இருக்குடி, ஆள் வெச்சுத்தான் எடுக்கணும்" என்றேன். போன வருடம் கேட்டாள். "பீரோ சாவியைக் காணோம்." இன்று மூன்றாவது முறை. எல்லோர் முன்னாலும் வாய் கூசாமல் சொன்னேன்: "பத்திரமா இருக்குடி. சாயங்காலம் தர்றேன்."

இப்போது எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டால் பிழைத்தேன். வீட்டுக்குப் போய், பீரோவிலிருந்து எடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்துவிடலாம். தன் பிள்ளையின் போர்வையை நான் திணிப்பாக்கினேன் என்பது மட்டும் தெரிந்தால், அதோடு எனக்குத் தங்கை கிடையாது.

ஒன்பதாவது முடிச்சு. 'டக்'.

ஓரப்பட்டியை ஒரு சாண் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். அந்தச் சின்னப் போர்வையின் தையல் மேடுகள் விரலில் தட்டுப்பட வேண்டும்.

தட்டுப்படவில்லை.

முழங்கை வரை விட்டுத் துழாவினேன். வழவழவென்று ஒரே சீராகப் பஞ்சு. கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற பஞ்சு. ஒரு பிடியைப் பிய்த்து வெளியே இழுத்தேன். புத்தம் புது வெள்ளை.

போர்வையைப் புரட்டினேன். எதிர் ஓரத்தின் எம்மிங் தையல் என்னுடையது இல்லை. நான் எள்ளளவுக்குத் தைப்பேன். இது நெல்லளவு, கோணல்மாணல், பழகாத கை. அறுத்துப் போட்ட முடிச்சுகளைக் குனிந்து பொறுக்கினேன். சிவப்புதான். ஆனால் என் சிவப்பு இல்லை. பதற்றத்தில் கவனிக்காமலே ஒன்பதையும் அறுத்திருக்கிறேன்.

யாரோ எனக்கு முன்பே பிரித்திருக்கிறார்கள். அண்ணியா? பழைய துணி என்று குப்பையில் போட்டுவிட்டாளா?

மறுபடி கதவு. இந்த முறை மெதுவாக, ஒரே ஒரு தட்டு.

"அக்கா. திற."

திறந்தேன். தங்கை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த போர்வையைப் பார்த்தாள். என் கையிலிருந்த பஞ்சையும் பார்த்தாள்.

"என்ன தேடறே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

"ஒண்ணுமில்லடி. பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிடுச்சு. சரி பண்ணலாம்னு..."

அவள் தலையசைத்தாள். பல நாளாக எதிர்பார்த்த பதில் வந்துவிட்டதுபோல. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நான் இங்க நாலு நாள் இருந்தேனே, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் காலைல இந்தப் போர்வையை ஜன்னல்கிட்ட உதறினேன். அடித்துணி நைஞ்சுபோயிருந்துச்சு. வெயில் பட்டதும் உள்ள மஞ்சள் கட்டம் தெரிஞ்சுது."

கையிலிருந்த பஞ்சைக் கட்டிலில் வைத்தேன்.

"என் அக்கா இப்படிப் பண்ணியிருக்க மாட்டான்னு நினைச்சேன். பண்ணியிருந்தாலும், கேட்டா சொல்லிடுவான்னு நினைச்சேன். பரண்னே. சாவின்னே. இன்னிக்கு அத்தனை பேர் முன்னால பத்திரமா இருக்குன்னே."

"எங்கடி அது? யார் எடுத்தா?"

அவள் எழுந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"நான்தான். உங்கிட்ட முதல் தடவை கேட்டேனே, அதுக்கு முந்தின நாளே எடுத்துட்டேன்."